சாம்பலும் ஒரு சரக்குதான்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் கட்டடப் பொறியியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது தொழில் சம்பந்தமாப் பேசுங்க, ஆனா சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிடுங்க" என்று செயலாளர் எனக்கு இரண்டு நிபந்தனை போட்டிருக்கிறார். முதலாவதைக் காப்பாற்றுவது சுலபம். இரண்டாவதற்கு முயற்சி செய்கிறேன்.

இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டது சாம்பல். நல்ல நாளும் அதுவுமாகச் சாம்பலைப் பற்றியா என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. ஆனால் நம் வீடுகளில் சாம்பலுக்கு எப்போதும் ஓர் இடம் இருந்தது. பாத்திரம் தேய்க்கச் சாம்பல், விதையைப் பூச்சி அரிக்காமல் வைக்கச் சாம்பல், கீரைப் பாத்திக்குத் தூவச் சாம்பல். அடுப்புச் சாம்பலை யாரும் சும்மா கொட்டியதில்லை. நான் சொல்லப்போவது அதைவிடப் பெரிய அடுப்பின் சாம்பல்: அனல் மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல்.

நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு 30 முதல் 45 பங்கு வரை சாம்பல்தான். எடைக்கு எடை பார்த்தால், மூன்று லாரி நிலக்கரியை எரித்தால் ஒரு லாரி சாம்பல் மிஞ்சும். எண்ணூர் நிலையம் 1970 இல் தொடங்கி 2017 இல் மூடப்பட்டது. தூத்துக்குடி நிலையம் 1979 இல் வந்தது, மேட்டூர் 1987 இல், வடசென்னை 1994 இல். இத்தனை வருஷமாக நாம் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம், எங்கோ ஒரு மூலையில் நம் கணக்கில் சாம்பல் சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

இந்தச் சாம்பலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கொதிகலனின் அடியில் விழும். அது அடிச்சாம்பல், கரடுமுரடாக இருக்கும். மீதி நான்கு பங்கு புகையோடு மேலே பறக்கும். புகைபோக்கிக்குப் போகும் வழியில் மின்னூட்டம் கொடுத்து அதைப் பிடித்து வைக்கிறார்கள். இதுதான் ஃபிளை ஆஷ். மின் வாரியத்தின் பேச்சில் உலர் சாம்பல். கையில் எடுத்தால் முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி வழுவழுப்பாக இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் குட்டிக் குட்டிக் கண்ணாடிக் கோலிகள். நிலக்கரியில் கலந்திருந்த களிமண்ணும் சிலிக்காவும் உலைச் சூட்டில் உருகி, பறக்கிற போதே குளிர்ந்து, உருண்டையாக இறுகிவிட்டவை அவை.

அந்தக் கண்ணாடித் தன்மைதான் விஷயமே. வெற்றிலையும் பாக்கும் மட்டும் மென்றால் வாய் சிவக்காது. சுண்ணாம்பு சேர வேண்டும். சாம்பலும் அப்படித்தான். தனியாகத் தண்ணீரில் போட்டால் பெரும்பாலும் சேறாகத்தான் கிடக்கும். சுண்ணாம்பு சேர்ந்து, ஈரமும் நாளும் கிடைத்தால் கல்லாக இறுகும்.

சிமெண்டில் தண்ணீர் சேர்ந்ததும் இரண்டு பொருள் உண்டாகிறது. ஒன்று, ஜல்லியையும் மணலையும் பிடித்து வைக்கும் பசை. இன்னொன்று, உபரிச் சுண்ணாம்பு. இந்த உபரிச் சுண்ணாம்பால் வலிமைக்குப் பெரிய லாபம் இல்லை. தண்ணீர் பட்டால் கரைந்து கசிந்து வெளியே வரும். மொட்டை மாடியின் அடிப்பக்கத்தில் வெள்ளை வெள்ளையாக வழிந்திருக்குமே, அதில் அதுவும் உண்டு. சாம்பலைச் சேர்த்தால், அதிலுள்ள சிலிக்கா இந்த உபரிச் சுண்ணாம்பைப் பிடித்து, அதையும் பசையாக மாற்றிவிடுகிறது. காங்கிரீட்டின் நுண்துளைகள் அடைபடுகின்றன, நீர்க்கசிவு குறைகிறது. ஆனால் இந்த வேலை மெதுவாக நடக்கும். 28 நாளில் முடிந்துவிடாது, 90 நாளுக்குப் பிறகும் தொடரும். அந்த மெதுவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இது நேற்று கண்டுபிடித்த வித்தை இல்லை. ரோமானியர் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்து கட்டினார்கள். பொசோலானா என்று நாம் பரீட்சையில் எழுதுகிற பெயரே, இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கத்தில் உள்ள பொசுவோலி என்ற ஊரிலிருந்து வந்தது. நம் பக்கத்தில் அதே வேலையைச் சுர்க்கி செய்தது. சுர்க்கி என்றால் சுட்ட செங்கல்லின் தூள். பென்னிகுயிக் கட்டி 1895 இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை, சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தில் எழுந்ததுதான். நிலக்கரிச் சாம்பலைப் பெரிய அளவில் போட்டுப் பார்த்தவர்கள் அமெரிக்கர்கள். மொன்டானா மாநிலத்தில் 1953 இல் கட்டி முடித்த ஹங்கிரி ஹார்ஸ் அணையில், காங்கிரீட்டின் சூட்டைக் குறைப்பதற்காகச் சாம்பலைக் கலந்தார்கள். நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்து ரிஹந்த் அணையில் அது பயன்பட்டது.

ஆக, பொருளின் குணம் தெரியும், வேதியியல் தெரியும், முன்னோர் செய்ததும் தெரியும். அப்படியிருந்தும் 1996-97 ஆம் ஆண்டுக் கணக்கில், நாடு முழுவதும் உண்டான சுமார் 6 கோடியே 90 லட்சம் டன் சாம்பலில் பத்தில் ஒரு பங்குகூடப் பயன்படவில்லை. மீதியெல்லாம் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குட்டைக்குப் போனது. 1999 செப்டம்பர் 14 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. நிலக்கரி மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் இருக்கும் செங்கல் சூளைகள் மண்ணோடு 25 சதவீதமாவது சாம்பல் கலக்க வேண்டும் என்றும், மின் நிலையங்கள் பத்து வருஷத்துக்குச் சாம்பலை இலவசமாகத் தர வேண்டும் என்றும் சொன்னது. பிறகு பல திருத்தங்கள் வந்தன. 2021 டிசம்பர் 31 அன்று வந்த அறிவிக்கை, பயன்படுத்தாமல் விட்ட ஒவ்வொரு டன்னுக்கும் 1000 ரூபாய் இழப்பீடு என்று விதித்தது.

பலன் இல்லாமல் இல்லை. 2021-22 கணக்கில் உற்பத்தி சுமார் 27 கோடி டன். அதில் 95 சதவீதத்துக்கு மேல் பயன்பட்டது என்று மத்திய மின்சார ஆணையம் சொல்கிறது. கேட்டதும் கைதட்டத் தோன்றும். தட்டலாம், தப்பில்லை. ஆனால் நாம் பொறியியல் படித்தவர்கள், சதவீதத்தைப் பார்த்ததும், "எதற்கு வகுத்து எது வந்தது?" என்று கேட்க வேண்டியவர்கள்.

பயன்பாடு என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. சிமெண்டில் சேர்ந்ததும் பயன்பாடு. கல்லாக மாறியதும் பயன்பாடு. சாலைக்குக் கரை போட்டதும் பயன்பாடு. பள்ளமான நிலத்தில் கொட்டி நிரப்பியதும், தோண்டிவிட்ட சுரங்கக் குழியை மூடியதும்கூடப் பயன்பாடுதான். முதல் இரண்டில் சாம்பல் வேலை செய்கிறது. ஒரு மூட்டை சிமெண்டையோ ஒரு வண்டி மண்ணையோ மிச்சப்படுத்துகிறது. கடைசி இரண்டில் பெரும்பாலும் அது இடம் மாறுகிறது, அவ்வளவுதான். அடியில் நீர் புகாத தளமோ மேலே மண் போர்வையோ இல்லாமல் நிரப்பினால், மழைநீர் அதன் வழியே இறங்கும். சாம்பலில் ஆர்செனிக், ஈயம், குரோமியம், பாதரசம் எல்லாம் சிறிய அளவில் உண்டு. அவை நம் கணக்குப் புத்தகத்தைப் படித்துவிட்டு நடப்பதில்லை.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பார்கள். எண்ணூரில் அளக்காமலே ஆற்றில் போட்டோம். சாம்பல் நீரைக் கொண்டுபோகும் குழாய்கள் கசிந்து, கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்தது. ஆழம் குறைந்தது. இறாலும் மீனும் பிடித்துப் பிழைத்தவர்கள் சாம்பல் சேற்றில் கால் வைத்தார்கள். அவர்கள் முறையிட்டு, விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனது. 2008 டிசம்பர் 22 அன்று அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துக் கிங்ஸ்டனில் சாம்பல் குட்டையின் கரையே உடைந்து, சேறு ஆற்றையும் வீடுகளையும் மூடியது. 2020 ஏப்ரலில் மத்தியப் பிரதேசத்துச் சிங்ரௌலியில் கரை உடைந்து உயிர்கள் போயின. கல்லாகாத சாம்பல் எங்கே போகும் என்பதற்கு இவை சாட்சி. நாம் செய்யும் ஒவ்வொரு நல்ல கல்லும் அந்தக் குட்டைக்குப் போகாத சில கிலோ.

இனி கல்லுக்கு வருவோம். விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த பானுமதிதாஸ், காளிதாஸ் தம்பதியர் ஃபால்-ஜி என்ற முறையைப் பரப்பினார்கள். சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம் மூன்றும் சேர்ந்தது. சூளை வேண்டாம், விறகு வேண்டாம், நீராவி அறையும் வேண்டாம். அச்சில் வார்த்துத் தண்ணீர் தெளித்தால் போதும். இன்று பல பட்டறைகளில் சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்ட், மணலுக்குப் பதில் கிரஷர் தூள் என்று ஊருக்கு ஊர் கலவை மாறுகிறது. சின்ன முதலீட்டில் தொடங்க முடிந்ததால், எத்தனையோ பேர் இதில் இறங்கினார்கள்.

ஆனால் வீடு கட்டுகிறவர் என்ன சொல்கிறார்? "சார், சாம்பல் கல்லா? சுடுகாட்டு ஞாபகம் வருது. செவப்புக் கல்லே போட்டுடுங்க." இது ஒரு வகை. இன்னொரு வகை உண்டு: "பக்கத்து வீட்டுல போட்டாங்க, நகத்தால கீறினா உதிருது." முதலாவது மனசு சம்பந்தப்பட்டது, பேசிச் சரிசெய்யலாம். இரண்டாவது உண்மை. அதைப் பேசிச் சரிசெய்ய முடியாது, கூடாது.

அப்படி ஒரு சுவரைப் பார்க்க ஒருமுறை என்னைக் கூப்பிட்டார்கள். ஊர் பேர் வேண்டாம். ஓய்வு பெற்ற ஒருவர் வருங்கால வைப்பு நிதியை எடுத்துக் கட்டிய வீடு. மழை அடிக்கும் பக்கத்துச் சுவரில் கல்லின் மூலைகள் மாவாக உதிர்ந்திருந்தன, பூச்சு ஓடு ஓடாகக் கழன்றது. கல் வந்த பட்டறைக்குப் போனோம். தொட்டி காய்ந்து கிடந்தது. "தண்ணி லாரி வரல சார், நாலு நாள் வெயில்ல காஞ்சதும் ஏத்தி விட்டுட்டோம்" என்றார் அங்கிருந்த மேஸ்திரி. சிமெண்டும் குறைவு. அதே சாலையில் இரண்டு மைல் தள்ளி இன்னொரு பட்டறை. சாம்பல் இறங்குவது அதே நிலையத்திலிருந்து. அங்கே கோணி போர்த்தி, மூன்று வாரம் தண்ணீர் காட்டுகிறார்கள். அந்தக் கல்லை இரண்டாக எடுத்துத் தட்டினால் கணீர் என்கிறது. சாம்பல் ஒன்றுதான். ஒரு இடத்தில் கல்லாயிற்று, இன்னொரு இடத்தில் ஒரு மனிதரின் சேமிப்பு மாவாயிற்று.

மெதுவாக வேலை செய்யும் என்று முன்பு சொன்னேனே, அது இங்கேதான் வருகிறது. ஈரம் போய்விட்டால் வேதிவினை அதோடு நின்றுவிடும். பாதியில் நின்ற கல் பாதிக் கல். சாம்பல் கலந்த சிமெண்டுக்கும் இதே நியாயம்தான். கடையில் பி.பி.சி. என்று வாங்குகிறோமே, அதில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் இருக்கலாம் என்பது தர விதி. சாம்பல் வேண்டாம் என்று சொன்னவரின் வீட்டுத் தளத்திலும் தூணிலும் அநேகமாக அது இருக்கிறது! ஐ.எஸ். 456 இந்த வகைச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் காட்டச் சொல்கிறது. வெயிலும் வறட்சியும் உள்ள இடத்தில் 14 நாள். நம் ஊரில் எது வெயில் இல்லாத இடம்? ஆனாலும் ஏழாம் நாளே பாத்தியை உடைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறோம்.

செங்கல் நல்லது, சாம்பல் கல் கெட்டது என்று முடிவு கட்டவும் முடியாது. செங்கல்லுக்கு வேண்டியது மேல்மண். கோவைக்குப் பக்கத்தில் தடாகம் பள்ளத்தாக்கில் சூளைகளுக்காகச் செம்மண்ணைத் தோண்டித் தோண்டி, நிலமே கிடுகிடு பள்ளமாகி, 2021 இல் அந்தச் சூளைகளை மூட வேண்டி வந்தது. சிமெண்டுக்கும் விலை உண்டு. ஒரு டன் கிளிங்கர் செய்ய முக்கால் டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் அதற்குள் இருக்கும் வாயு வந்தே தீரும், எந்த எரிபொருளை வைத்து எரித்தாலும் சரி. அந்தக் கிளிங்கரில் ஒரு பங்கைச் சாம்பலால் மாற்றினால், அந்தப் பங்கு வாயு உண்டாகவே இல்லை.

ஆகவே மாணவ நண்பர்களே, கழிவிலிருந்து கட்டுமானப் பொருள் என்று யாராவது உங்களிடம் வந்தால் நான்கு கேள்வி கேளுங்கள்.

ஒன்று: இதற்குள் என்ன இருக்கிறது? சாம்பல் என்றால் எரியாத கரி எவ்வளவு என்று பாருங்கள், தர விதி 5 சதவீதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. எல்லாக் கழிவும் ஒரே ஜாதி இல்லை. உரத் தொழிற்சாலையில் மிஞ்சும் பாஸ்போஜிப்சத்தில் ரேடியம் சிறிய அளவில் உண்டு. அதனால் அதைக் கட்டடத்தில் சேர்ப்பதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வரம்பு வைத்திருக்கிறது. ஒன்று நல்லது என்பதால் இன்னொன்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டு: இது எதை மிச்சப்படுத்துகிறது? சிமெண்டையா, மேல்மண்ணையா, மணலையா? ஒன்றையும் மிச்சப்படுத்தவில்லை என்றால், அது வெறும் குப்பைக் கிடங்குதான். சுவர் வடிவத்தில் இருக்கிறது, அவ்வளவே.

மூன்று: எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது? லாரி டீசல் குடித்துக்கொண்டு மாநிலம் விட்டு மாநிலம் வந்தால், லாபத்தில் பாதி வழியிலேயே போய்விடும்.

நான்கு: இதைக் கையாளுகிறவர் யார்? உலர் சாம்பலை மூட்டை மூட்டையாகக் கொட்டும் பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வேலை செய்வதைப் பட்டறைகளில் நீங்களே பார்க்கலாம். நுண்தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. நல்ல முகமூடியும் கொஞ்சம் தண்ணீர்த் தெளிப்பும் பெரிய செலவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சாம்பல் பயன்படுகிறது என்பதற்காக நிலக்கரியை எரித்துக்கொண்டே இருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. பிரிட்டன் 2024 செப்டம்பர் 30 அன்று தன் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை மூடியது. உலை அணைந்தால் புதுச் சாம்பலும் நிற்கும். பழைய குட்டைகளில் கிடப்பதைத் தோண்டி, உலர்த்தி, சலித்து எடுக்க வேண்டிய காலம் நமக்கும் வரும். குட்டைச் சாம்பலில் அடிச்சாம்பலும் கலந்து, ஊறிக் கிடக்கிறது. அதைத் தரப்படுத்துவது உலர் சாம்பலைவிடக் கஷ்டமான வேலை. அந்த வேலை இன்றைய மாணவர்களாகிய உங்கள் தலைமுறைக்கு. நாங்கள் எரித்தோம், சலிக்கிற பொறுப்பை உங்களிடம் விட்டுவிட்டு நாங்கள் சந்திப்பு மலர் மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் நியாயமில்லை.

அதனால் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள். நம் கல்லூரியின் பொருள் சோதனைக் கூடத்தில் கல்லை அழுத்தி உடைத்துப் பார்க்கும் இயந்திரம் இருக்கிறது. செய்முறைத் தேர்வு இல்லாத நாட்களில் அது உறை போர்த்தித் தூங்குகிறது. சுற்று வட்டாரத்துச் சின்னப் பட்டறைக்காரர்கள் ஐந்து கல்லைக் கொண்டுவந்து சோதிக்க வேண்டும் என்றால், தொலைவும் கட்டணமும் தடுக்கின்றன. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அந்தக் கூடத்தை அவர்களுக்குத் திறந்து விடலாம். கட்டணத்தைச் சங்கம் ஏற்கட்டும். மூன்றாமாண்டு மாணவர்கள் ஐந்து கல்லை அழுத்திப் பார்க்கட்டும். ஐந்து கல்லை 24 மணி நேரம் ஊற வைத்து, குடித்த நீரை எடை போடட்டும். ஐ.எஸ். 12894 என்ன சொல்கிறதோ அதோடு ஒப்பிட்டு ஒரு தாளில் எழுதித் தரட்டும். தேறாத கல்லுக்குத் திட்ட வேண்டாம். கலவையையும் தண்ணீரையும் பற்றிப் பத்து நிமிஷம் பேசி அனுப்புவோம். அடுத்த மாதம் அவர் மறுபடி வருவார்.

மாணவர்களுக்குப் புத்தகத்தில் இல்லாத படிப்பு. பட்டறைக்காரருக்கு வியாபாரத்தில் மரியாதை. வீடு கட்டுகிறவருக்கு நிம்மதி. முதல் ஆறு மாதச் செலவுக்கு என் பங்கைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டுத்தான் மேடை ஏறினேன். மீதிப் பங்கு எதிரே உட்கார்ந்திருக்கிறது என்று நம்புகிறேன்.

சாப்பாட்டு மணி ஆகிவிட்டது.